பேட்டி எடுக்கப் போனவள் பேட்டி கொடுத்த கதை

"இந்த ஒலிப்பதிவில ஆய்வாளர் ஆர், டீச்சர்?"

போன வியாழக்கிழமை என் பேராசிரியை தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். 'எப்படி இருக்கிறீர்கள்' இல்லை, 'சாப்பிட்டாச்சா' இல்லை. நேரே கேள்வி!

நான் அப்போது ஹட்டன் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் லீக்ஸ் கட்டு, மறு கையில் குடை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "நான்தான் மேடம்" என்றேன்.

"அப்பிடித் தெரியேல்லையே" என்றார் அவர்.

கொட்டுகிற மழையில் ஒருத்தி "நான்தான் மேடம்... சத்தியமா நான்தான்" என்று கெஞ்சுவதை மரக்கறிக்காரர் அனுதாபத்தோடு பார்த்தார். யாருக்கோ என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். அது ஒன்றும் பெரிய பிழையும் இல்லை.

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை. நாற்பதைத் தாண்டிய பிறகு எம்.ஃபில் செய்யும் ஆசை பிடித்து ஆட்ட, போன வருடம் மலையிறங்கிப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தேன். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

விண்ணப்பித்தால் போதுமா? நேர்முகத் தேர்வு வைத்தார்கள். உள்ளே மூன்று பேர், ஒரு பெரிய மேசை. "உட்காருங்கள்" என்றார் நடுவில் இருந்தவர். "பரவால்ல சேர், இருக்கட்டும்" என்று நான் நின்றேன். மறுபடி சொன்னார். மறுபடி நின்றேன். மூன்றாம் முறை அவர் சொன்ன தொனியில் என் முழங்கால் தானாக மடங்கியது.

ஏன் நின்றேன்? எனக்கே பிறகுதான் உறைத்தது. நான் பிறந்து வளர்ந்தது றொசல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்ட ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தப் பக்கம் இருப்பவர் நிற்பார். அதை யாரும் சொல்லித் தருவதில்லை. இத்தனை வருடம் வகுப்பில் கதிரை போட்டு உட்கார்ந்த பிறகும் காலுக்கு அது மறக்கவில்லை என்றால் பாருங்களேன்.

அந்த மூவர் கேட்டது ஒரேயொரு உருப்படியான கேள்வி. "இந்த ஆய்வை ஏன் செய்ய விரும்புகிறீர்கள்?"

"சமூகத்துக்குப் பயன்படும் சேர்" என்றேன்.

மூன்று தலையும் ஆடின. இடமும் கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது கினிகத்தேனை வளைவு வரைக்கும் அந்தப் பதில் என் வாயில் கசந்துகொண்டே வந்தது. பயன்படும்... யாருக்கு? எதற்கு? பரீட்சையில் என் பிள்ளைகள் இப்படி எழுதினால் 'விளக்குக' என்று சிவப்பு மையில் கேட்பேன்.

என் தலைப்பு இதுதான்: லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போன பெண்களின் அன்றாட வாழ்க்கை. இப்போது பல தோட்டங்களில் லயத்துக்குப் பதிலாகத் தனித்தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் அல்லவா? போனவர்களுக்கு என்ன மாறியது, என்ன மாறவில்லை... கேட்டு எழுத வேண்டும். ரொம்ப லேசு என்று நினைத்தேன். எனக்குத் தெரியாத லயமா?

அங்கேதான் வினை.

மேற்படிப்பு என்றால் நிறைய வாசிக்க வேண்டும் என்று தெரியும். வாசித்தேன். ஆங்கிலக் கட்டுரை ஒன்றை முடிப்பதற்குள் அடுப்பில் பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று. இருபது வருடமாகப் பதில் சொல்லிப் பிழைத்தவள் நான். பிள்ளை கேட்க வாயெடுக்கும் முன்னாலேயே பதிலைச் சொல்லிப் பழகியவள். இங்கே என்னடா என்றால் பதிலை யாரும் கேட்பதில்லை. கேள்வியைக் கொண்டு வா என்கிறார்கள்!

என் மேற்பார்வையாளரான பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். கறார், ஆனால் நல்ல மனம். என் முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அதுதான் பிரச்சினை."

அடக் கடவுளே! தெரியாததுதானே மாணவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கும்? உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரிந்தது பிரச்சினை.

சரி, களத்துக்குப் போவோம் என்று கிளம்பினேன். பேட்டி எடுக்க வகுப்பில் விதிகள் சொல்லித் தந்திருந்தார்கள். பேட்டி எடுப்பவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மௌனத்துக்குப் பயப்படக் கூடாது. நல்ல விதிகள். மனப்பாடம் செய்துகொண்டேன்.

முதல் வீட்டில் என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரை வந்தது. கதிரை மேல் துவைத்த துவாய் வந்தது. கோப்பையில் பால் தேத்தண்ணி, தட்டில் பிஸ்கட். வீட்டுக்கார அக்கா மட்டும் நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.

"ஒக்காருங்கக்கா."

"இருக்கட்டும் டீச்சர்."

நேர்முகத் தேர்வில் நான் சொன்ன அதே வார்த்தை! போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, "புது வீட்டுக்கு வந்த பிறகு வாழ்க்கை எப்படி மாறியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்?"

மௌனத்துக்குப் பயப்படாமல் இருந்தேன். அவரும் பயப்படவில்லை. கூரையில் மழை பெய்தது. பிஸ்கட்டைச் சாப்பிட்டேன்.

போன வீடெல்லாம் இதே கதை. "நல்லாத்தான் இருக்கு டீச்சர்." "ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர்." "நீங்களும் நம்ம புள்ளதானே, நாங்க என்னத்த புதுசா சொல்றது?" பேராசிரியைக்குப் பதிவுகளை அனுப்பினேன். மழைச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்று பதில் வந்தது.

இது சிரிப்பதற்கு இல்லை. முதல் வருட முடிவில் ஒரு குழு முன்னால் போய் நின்று, ஆய்வு இந்தளவுக்கு வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். திருப்தி இல்லையென்றால் என் மாணவர் பதிவை ரத்துச் செய்துவிடுவார்கள். என் படிப்பு லீவு அதோடு போச்சு. என் வயதில் இன்னொரு தடவை லீவு தருவார்களா? கனவிலும் இல்லை. குழு கூடும் நாள் நெருங்கிவிட்டது. என் கையில் இருந்ததோ மழையும் பிஸ்கட்டும்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் எனக்கு அழுகைதான் வந்தது.

அப்போதுதான் பத்மாவின் ஞாபகம் வந்தது. பத்மாவும் நானும் ஒரே லயம், ஒரே வகுப்பு. நான் படித்து ஆசிரியையாகி ஹட்டனுக்கு வந்தேன். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் பேசினால் பதிவில் நிறையச் சத்தமாவது இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு றொசல்லைக்குப் போனேன். அவளுக்குத் தனி வீடு கிடைத்து இரண்டு வருடமாகிறது. மகள் கொழும்பில் வேலை, புருஷனும் அங்கேதான் ஒரு கடையில்.

பத்மா கதிரை போடவில்லை. சமையல்கட்டில் பலகையைக் காலால் தள்ளிவிட்டாள். போனை அரிசி வாளி மேல் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "புது வீட்டுக்கு வந்த பிறகு—"

"அடியேய் மேரி, நில்லு! வந்ததும் வராததுமா என்னா கேள்வி? கண்டாக்கு மாதிரி வந்து நிக்கிற?"

கண்டாக்கு என்றால் மலையில் கொழுந்து பறிக்கிற இடத்தில் வந்து கணக்குக் கேட்கிற அலுவலர். அவர் மட்டும்தான் தன் வீட்டுச் சேதி எதையும் சொல்லாமல் அடுத்தவரைக் கேள்வி கேட்பார்.

"ஒரு வீட்டுக்கு வந்தா மொதல்ல ஒன் வூட்டு சேதியச் சொல்லணும். அப்புறம் எங்க வூட்டு சேதி கேக்கணும். டவுனுக்குப் போனதும் எல்லாம் மறந்து போச்சா?"

மறந்துதான் போனேன்! எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வந்தவர்தான் முதலில் தன் கதையை அவிழ்ப்பார். மாமியாருக்கு முழங்கால் வலி, மகனுக்குப் பரீட்சை, கூரையில் ஒழுக்கு... எல்லாவற்றையும் கொட்டின பிறகுதான் வீட்டுக்காரர் வாய் திறப்பார். அந்த விதியைப் பல்கலைக்கழக விதி விழுங்கிவிட்டது. நான் எதுவும் சொல்லாமல் கேட்டேன். அவர்களும் எதுவும் சொல்லாமல் விட்டார்கள். நியாயம்தானே?

"சரி, என்னா தெரியணும் ஒனக்கு?" என்றேன்.

"இந்த வயசுல எதுக்குப் படிக்கிற? சம்பளம் கூடுமா?"

"கொஞ்சம் கூடும்."

"அதுக்கா இந்த மழையில அலையிற? பொய் சொல்லாத. எதுக்குப் படிக்கிற?"

மேசை இல்லை, மூன்று பேர் இல்லை. அடுப்பில் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னேன்.

உங்களில் லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயம் என்பது ஒரே நீளக் கூரை. அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். அவசரம் என்றால் வாசலுக்கு ஓட வேண்டாம், சுவரைத் தட்டினால் போதும். பிரசவ வலியா, பாம்பா, மூச்சு முட்டுகிறதா? தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு திரும்பி வரும். 'கேட்டுச்சு, வர்றேன்' என்று அர்த்தம்.

ஹட்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். மறு பாதியில் ஒரு சிங்களக் குடும்பம். ஒருநாள் பொழுது சாயும் நேரம், என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாக ஏறிவிட்டது. கண் மேலே சொருகுகிறது. என் கணவர் வெளியூரில். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைத் தட்டினேன். தட்டு தட்டென்று தட்டினேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

அவ்வளவுதான். டிவி சத்தம் எனக்குத் தொந்தரவு என்று நினைத்து அந்த நல்ல மனிதர் நிறுத்திவிட்டார்! நான் இன்னும் பலமாகத் தட்டினேன். அந்த வீட்டில் பேச்சுச் சத்தமும் அடங்கிப் போனது. எனக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்!

கடைசியில் பிள்ளையோடு ரோட்டுக்கு ஓடி, ஒரு ஆட்டோவை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் அந்த மனிதர் வாசலில் நின்று "சமாவென்ன மிஸ்" என்று மன்னிப்புக் கேட்டார், டிவியை இனிமேல் மெதுவாக வைப்பதாகவும் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், அவர் பிழை இல்லை. நான் தட்டியது லயத்துப் பாஷை. அவருக்கு எப்படித் தெரியும்?

"அன்னைக்கில இருந்து எனக்கு ஒரே யோசன பத்மா," என்று முடித்தேன். "லயத்த விட்டுப் போறவங்க எல்லாம் அவசரத்துக்கு எந்தச் செவத்தத் தட்டுவாங்க? அது தெரியணும். அதுக்குத்தான் படிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதற்குத்தான் படிக்கிறேன் என்று.

பத்மா அடுப்பில் விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு களுக்கென்று சிரித்தாள்.

"நீயாவது மனுசன் இருந்த செவத்தத் தட்டுன. நான் தட்டுன கதையக் கேளு."

போன மழைக் காலத்தில் ஈர விறகோடு உள்ளே வந்தவள் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பிசகி எழும்ப முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. கைக்கு எட்டிய அடுப்பு ஊதுகுழலை எடுத்துச் சுவரைத் தட்ட ஆரம்பித்திருக்கிறாள்.

"தட்டுறேன் தட்டுறேன், ஒருத்தரும் வரல. 'என்னாடா இது, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் காணோமே'ன்னு கோவம் வேற வருது. அப்புறமேதான் ஞாபகம் வருது... அந்தப் பக்கம் யாரு இருக்கா? நான் போட்ட பீன்ஸ் பாத்தி! பீன்ஸா வந்து கதவத் தொறக்கும்?"

இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்னா செஞ்ச?"

"என்னா செய்ய? வாசல் வரைக்கும் தவழ்ந்து போயி, கீழ் வூட்டுப் புள்ளயக் கத்திக் கூப்புட்டேன். ரொம்ப நேரம் கத்துனேன்டி. காலு வலிகூடப் பெருசு இல்ல. தட்டுனா யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சிச்சு பாரு... அதுதான் பயமா போச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சட்டென்று கையை இழுத்து விரலை நீட்டினாள்.

"ஆனா இந்தா பாரு, வூடு வேணாம்னு நான் சொன்னதா எழுதிறாத! சொந்தக் கதவு, சொந்தக் கக்கூஸ். ஒழுகல. லயத்துல நானும் அவரும் சண்ட போட்டா ஊரே தீர்ப்பு சொல்லும். இங்க நிம்மதியா சண்ட போடலாம். திரும்ப லயத்துக்குப் போன்னா கொன்னுபுடுவேன்."

பஸ்ஸில் வரும்போது பதிவைக் கேட்டுப் பார்த்தேன். ஐயோ! முக்கால்வாசி என் குரல். அழுகை, சிரிப்பு, டிவி, ஆஸ்பத்திரி... எல்லாம் நான். பேட்டி எடுப்பவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதிக்கு ஈமச்சடங்கே நடத்தியிருந்தேன். அழித்துவிட விரல் போனது. எடுத்த எல்லாப் பதிவையும் அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த ஒன்றையாவது காப்பாற்றுவோம் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு மாதாவை வேண்டிக்கொண்டேன்.

அதற்குத்தான் வியாழக்கிழமை அந்தத் தொலைபேசி.

"நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அவ கேட்ட கேள்விக்கு நீங்கள் எவ்வளவு நேரம் கதைச்சிருக்கிறியள்!"

"மன்னிச்சுக்கங்க மேடம். அழிச்சிடவா?"

"என்ன விசர்க் கதை! அழிச்சுப் போடாதேங்கோ. உங்கட ஆய்வு இதுக்குள்ளதான் கிடக்கு. திங்கக்கிழமை குழுவுக்கு இதைக் கொண்டு வாங்கோ."

திங்கட்கிழமை போனேன். அதே அறை, அதே மேசை, வேறு மூன்று பேர். "உட்காருங்கள்" என்றார்கள். ஒரே தடவையில் உட்கார்ந்தேன். அதற்கே ஒரு சான்றிதழ் தரலாம்.

"இந்த ஆய்வு ஏன்?" அதே கேள்வி!

"ஒருநாள் சுவரைத் தட்டினேன் சேர். பக்கத்து வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டார். அதனால்தான்" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு முழுவதையும் சொன்னேன். பத்மாவின் பீன்ஸ் பாத்தியையும் சொன்னேன். அப்போது சிரிப்பு இல்லை. ஓரத்தில் இருந்த வயதானவர், அதுவரை ஒரு சொல் பேசாதவர், மெதுவாகக் கேட்டார்: "பிறகு பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"நல்லாயிருக்கான் சேர். இப்ப என்னைவிட உயரம். டிவி ரிமோட் அவன் கையிலதான்."

அந்தக் கேள்வி ஆய்வுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாதது. ஆனால் அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த அறையில் பயம் போனது. கேட்பவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும் என்று இருந்தால் சொல்பவருக்கு வாய் தானாகத் திறக்கிறது. பத்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு, அந்த முதல் வீடுகளில், ஒலிப்பதிவு நிரம்பினால் போதுமாக இருந்தது.

பதிவு ரத்தாகவில்லை. தொடரலாம் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. லயத்திலிருந்து போன பெண்களில் நானும் ஒருத்தியாம். என் கதையும் ஆய்வுக்குள் வர வேண்டுமாம். என்னைப் பேட்டி எடுப்பவர் வேறொருவராக இருந்தால் நல்லதாம். பேராசிரியையிடம் கேட்டேன், யாரை வைத்து எடுப்பது மேடம்? "ஏன், எடுத்தாச்சுத்தானே!" என்றார்.

நேற்றுப் பின்னேரம் இந்தச் சேதியோடு பத்மா வீட்டுக்குப் போனேன். இந்த முறை முதலில் என் வீட்டுச் சேதி முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்ததும் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது நீ. அத அவங்க ஆராய்ச்சின்னு ஒத்துக்கிட்டாங்க."

"ஆமா."

"அப்ப பட்டம் யாருக்குடி?"

எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. எனக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று பேராசிரியை கேள்விப்பட்டால் சந்தோஷப்படுவார்!